உங்கள் கிணற்று நீரில் என்ன கரைந்திருக்கிறது?

சொந்த ஊரில் இருந்த காலத்தில் எந்தக் கிணற்று நீர் தேநீருக்கு நல்லது, எந்தக் கிணற்று நீரில் பருப்பு அவியாது, எந்தத் தோட்டக் கிணறு பங்குனிக்குப் பின் சவராகும் என்பதெல்லாம் எமக்கு மனப்பாடம். யாரும் எழுதிவைத்ததில்லை. பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து சொல்லிச் சொல்லி வந்த அறிவு அது. இடம்பெயரும்போது பாயையும் பானையையும் தூக்கிக்கொண்டு வந்தோம். அந்த அறிவைக் கொண்டுவர முடியவில்லை. புது மண்ணில் வெட்டிய கிணறு எமக்கு அந்நியம். பல ஆண்டுகளின் பின் திரும்பிப் போனவர்களுக்கோ சொந்தக் கிணறே அந்நியமாகிவிட்டது.

1996ஆம் ஆண்டு நான் சிறுவன். யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வன்னியில் ஒரு பாடசாலைக்கு அருகே கொட்டில் போட்டிருந்தோம். அங்கே புதிதாக ஒரு கிணறு வெட்டினார்கள். தண்ணீர் கண்ணாடி போல் தெளிவாக இருந்தது. முதல் நாள் அம்மா அந்தத் தண்ணீரில் தேநீர் போட்டார். தேநீர் மை போலக் கறுத்துவிட்டது. "கிணற்றிலே நஞ்சு" என்ற கதை ஒரு மணித்தியாலத்துக்குள் எல்லாக் கொட்டில்களுக்கும் பரவியது. அன்றிலிருந்து எல்லோரும் குளத்துத் தண்ணீருக்குப் போனோம். அது மாடுகள் இறங்கும் குளம். ஆனாலும் அதில் தேநீர் கறுக்கவில்லை! ஒரு கிழமைக்குள் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் பிடித்தது. எங்கள் கொட்டிலில் மூன்று பேர் படுத்தோம்.

எங்களோடு இடம்பெயர்ந்து வந்திருந்த இரசாயன ஆசிரியர் ஒருவர் நாலு வெற்றுப் போத்தல்களோடு அந்தக் கிணற்றடிக்கு வந்தார். அன்று அவர் செய்து காட்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன். கறுத்த தேநீர் நஞ்சைக் காட்டவில்லை, இரும்பைக் காட்டியது. நாங்கள்தான் அதைப் பிழையாக வாசித்தோம்.

நீரில் உலோகமா?

மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது கல்லையும் மண்ணையும் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொண்டு போகிறது. கரைந்த உலோகம் ஆணி போலவோ தகடு போலவோ இருக்காது. கண்ணுக்குத் தெரியாத, மின்னேற்றம் கொண்ட துணிக்கைகளாக நீரில் கலந்திருக்கும். இவற்றை அயன்கள் என்பார்கள். உலோக அயன்கள் நேர் மின்னேற்றம் உள்ளவை. உயர்தர வகுப்பில் படிக்கும் பிள்ளைகள் இவற்றைக் கற்றயன்கள் என்று படிக்கிறார்கள்.

எந்த மண்ணோ அந்த நீர். யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக் கல். ஆகவே அங்கே கிணற்று நீரில் கல்சியம் மிகுதி. வன்னிப் பெருநிலத்தின் பெரும்பகுதியில் அடியில் இருப்பது பழைய கருங்கற்பாறை. அங்கே சில இடங்களில் இரும்பும், சில இடங்களில் புளோரைட்டும் கூடுதலாகக் கரைந்திருக்கும். கடலோரத்தில் சோடியமும் மகனீசியமும் வந்து சேரும்.

அயன் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அதனோடு சேரக்கூடிய வேறொரு பொருளைப் போட்டால் நிறம் மாறும், அல்லது நீர் கலங்கும், அல்லது அடியில் மண்டி படியும். சோதனை என்பது இவ்வளவுதான்: நாம் ஒரு கேள்வி கேட்கிறோம், நீர் விடை சொல்கிறது.

முதலில் ஒரு விதி

எந்தச் சோதனையையும் தனியே செய்யாதீர்கள். பக்கத்தில் இன்னொரு போத்தலில் மழைநீரை வைத்து, அதற்கும் அதையே செய்யுங்கள். மழைநீரில் உலோக அயன்கள் மிகக் குறைவு. கிணற்று நீர் மாறி, மழைநீர் மாறாமல் இருந்தால்தான் அந்த மாற்றம் கிணற்று நீருக்குரியது. இரண்டும் மாறினால் பிழை போத்தலிலோ நீங்கள் போட்ட பொருளிலோ இருக்கிறது.

மழை தொடங்கிக் கொஞ்ச நேரம் போனபின், திறந்த வெளியில் வைத்த சுத்தமான பிளாஸ்ரிக் வாளியில் மழைநீரைப் பிடியுங்கள். தகரக் கூரையிலிருந்து வழியும் நீர் இதற்கு உதவாது. அது தகரத்தின் நாகத்தையும் துருவையும் கரைத்துக்கொண்டு வரும்.

இரும்பு: தேநீர்ச் சோதனை

1. பால், சீனி சேர்க்காத வெறும் தேநீரை ஊற்றி ஆறவிடுங்கள். தேநீர் போடுவதற்கும் மழைநீரையே எடுங்கள்.
2. ஒரே அளவான இரண்டு கண்ணாடிக் குவளைகளில் பாதியளவு தேநீர் விடுங்கள்.
3. ஒன்றில் மழைநீரையும் மற்றதில் அப்போது அள்ளிய கிணற்று நீரையும் சம அளவாகச் சேருங்கள்.
4. கால் மணித்தியாலம் பொறுத்து, வெள்ளைத் தாளுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்.

கிணற்று நீர் சேர்த்த தேநீர் ஊதா கலந்த மைக்கறுப்பாக மாறினால் அதில் இரும்பு உண்டு. வன்மையான நீரும் தேநீரைச் சற்று இருளச் செய்யும். ஆனால் அது கலங்கிய கபில நிறமாக, மேலே மெல்லிய ஆடை படிந்து இருக்கும். மை போல் கறுக்காது.

காரணம் எளியது. தேயிலையில் துவர்ப்புப் பொருள் இருக்கிறது. துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு. இரும்புக் கத்தியால் நெல்லிக்காயை வெட்டினால் கறுப்பதும் இதனால்தான். கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சிய எம் முன்னோர் செய்ததும் இதுவே. அன்னபேதி என்பது இரும்பின் உப்பு. கி.பி. 79இல் இறந்த பிளினி என்ற உரோம அறிஞர், செப்புப் பச்சையில் வியாபாரிகள் இரும்பு உப்பைக் கலப்படம் செய்வதைக் கண்டுபிடிக்க ஒரு வழி எழுதிவைத்திருக்கிறார். மாசிக்காய்ச் சாற்றில் தோய்த்த தாளில் அதைப் பூசிப் பார்ப்பது. தாள் கறுத்தால் கலப்படம். ஆகவே எங்கள் அம்மா அறியாமல் செய்த சோதனைக்குக் கிட்டத்தட்ட 2000 வருட வரலாறு உண்டு.

விடையை உறுதிப்படுத்த இன்னொரு வழியும் உண்டு. அள்ளிய நீரை வெள்ளைப் பாத்திரத்தில் ஓரிரவு திறந்து வையுங்கள். காலையில் செம்மஞ்சள் மண்டி படிந்திருந்தால் அது இரும்பே. நிலத்தடியில் காற்றில்லாத இடத்தில் கரைந்திருந்த இரும்பு, வெளியே வந்து ஒட்சிசனைச் சந்தித்ததும் துருவாக மாறி அடியில் இறங்குகிறது.

இந்த மண்டியே மருந்தையும் சொல்லித்தருகிறது. அடியில் சிறு துளைகள் இட்ட வாளியால் நீரை உயரத்திலிருந்து மழைபோல் விழவிட்டு, ஓரிரவு தெளியவைத்து, கழுவிய மணல் நிரப்பிய வடிகட்டியால் வடித்தால் இரும்பின் பெரும்பகுதி நீங்கிவிடும். குடிநீரில் ஒரு லீற்றருக்கு 0.3 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருக்கலாகாது என்பது இலங்கைத் தரம். இதற்கு மேற்பட்டால் துணி கறைப்படும், சோறு நிறம் மாறும், சுவை கெடும். அவ்வளவுக்காகக் கிணற்றைக் கைவிட்டு மாடு இறங்கும் குளத்துக்குப் போவது, எறும்புக்குப் பயந்து பாம்புப் புற்றில் ஏறுவது போன்றது.

கல்சியம், மகனீசியம்: சவர்க்காரச் சோதனை

பருப்பு அவியவில்லை, சவர்க்காரம் நுரைக்கவில்லை, கேத்தலின் அடியில் வெள்ளைக் கல் பிடிக்கிறது: இவை வன்மையான நீரின் அடையாளங்கள். எவ்வளவு வன்மை என்பதைத் துளி எண்ணி அறியலாம். ஸ்கொட்லாந்தில் அபடீன் நகரில் பேராசிரியராக இருந்த தோமஸ் கிளார்க் என்பவர் 1840களில் ஒழுங்குபடுத்திய முறை இது.

1. துணி தோய்க்கும் கட்டிச் சவர்க்காரத்தைச் சீவி, மழைநீரில் இளஞ்சூட்டில் கரைத்து, தெளிந்த கரைசலை எடுங்கள். சலவைத்தூள் வேண்டாம், அது எந்த நீரிலும் நுரைக்கும்.
2. ஒரே அளவான போத்தல்களில் ஒரே அளவு மழைநீரும் கிணற்று நீரும் எடுங்கள்.
3. சவர்க்காரக் கரைசலைத் துளித்துளியாக விட்டு மூடிக் குலுக்குங்கள். ஐந்து நிமிடம் அடங்காத நுரை வரும்வரை விட்ட துளிகளை எண்ணுங்கள்.
4. கிணற்று நீரின் துளிக்கணக்கிலிருந்து மழைநீரின் துளிக்கணக்கைக் கழியுங்கள். மிச்சம், கல்சியமும் மகனீசியமும் தின்ற சவர்க்காரம்.

அடுத்து, அதே கிணற்று நீரைக் கால் மணித்தியாலம் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, தெளிவை மட்டும் எடுத்து மறுபடியும் துளி எண்ணுங்கள். எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தால் அது தற்காலிக வன்மை. கல்சியம் இருகாபனேற்றாக இருந்தது, கொதிக்கவைத்ததும் சுண்ணாம்பாகப் படிந்துவிட்டது. கேத்தலில் பிடித்த கல்லில் தேசிக்காய்ப் புளி விட்டால் பொருமுவதைக் காணலாம். எண்ணிக்கை குறையாவிட்டால் அது நிரந்தர வன்மை. சல்பேற்று, குளோரைட்டு வடிவில் இருக்கிறது. அது கொதிப்புக்கு மசியாது.

குடிநீரின் மொத்த வன்மை, கல்சியம் காபனேற்றுக் கணக்கில், லீற்றருக்கு 250 மில்லிகிராமுக்குள் இருக்கவேண்டும் என்பது இலங்கைத் தரம். உங்கள் துளிக்கணக்கு இந்த எண்ணைத் தராது. ஆனால் ஐந்து கிணறுகளில் குடிக்க எது, தோய்க்க எது என்று வரிசைப்படுத்த அது போதும்.

தோட்டத்துக்கு இந்த விடையை வேறு விதமாக வாசிக்கவேண்டும். கல்சியம் உள்ள நீர் களிமண்ணைப் பொலபொலப்பாக வைத்திருக்கும். சோடியம் மிகுந்த நீர்தான் களிமண்ணை இறுக்கி, மேலே தோல் போலப் படியவைத்து, நீர் இறங்காமல் தடுக்கும். ஆகவே சவர்க்காரம் நுரைக்காத நீர் பயிருக்கும் ஆகாது என்று முடிவு கட்டாதீர்கள். சொட்டுநீர்க் குழாய் போடுபவர்கள் மட்டும் கவனமாக இருக்கவேண்டும். தற்காலிக வன்மையும் இரும்பும் அந்தச் சிறு துளைகளை அடைத்துவிடும்.

செப்பு: கத்திச் சோதனை

திராட்சைக்கும் உருளைக்கிழங்குக்கும் தக்காளிக்கும் வரும் பூஞ்சண நோய்களுக்குப் போர்டோக் கலவை தெளிப்பது பழைய முறை. பிரான்சின் போர்டோப் பகுதியில் வழிப்போக்கர்கள் பழம் பறிப்பதைத் தடுக்க, வீதியோரத் திராட்சைக் கொடிகளுக்கு மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து பூசுவார்கள். அந்தக் கொடிகளில் மட்டும் நோய் இல்லாதிருப்பதை 1882இல் மில்லார்டே என்ற பேராசிரியர் கவனித்தார். ஆய்வு செய்து 1885இல் முறையை வெளியிட்டார்.

மயில்துத்தம் என்பது செப்புச் சல்பேற்று. துருசு என்றும் சொல்வோம். அதன் செப்பு அயன் கட்டின்றி நின்றால் நோயோடு இலையையும் எரித்துவிடும். சுண்ணாம்பு அதைக் கட்டிப்போடுகிறது. சுண்ணாம்பு போதுமா என்பதை எப்படி அறிவது?

பத்து லீற்றருக்கு 100 கிராம் மயில்துத்தம், 100 கிராம் புதுச் சுண்ணாம்பு. மயில்துத்தத்தைப் பிளாஸ்ரிக் வாளியிலோ மண்பானையிலோ ஐந்து லீற்றர் நீரில் கரையுங்கள். சுண்ணாம்பை வேறொரு வாளியில் நீற்றி ஐந்து லீற்றராக்குங்கள். மயில்துத்த நீரைச் சுண்ணாம்புப் பாலுக்குள் மெல்ல ஊற்றிக் கலக்குங்கள். பின்னர் மணல் போட்டு நன்றாகத் தேய்த்த இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் அதில் பிடியுங்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் கட்டுப்படாத செப்பு இன்னும் இருக்கிறது. சுண்ணாம்புப் பால் சேர்த்துக் கலக்கி, கத்தியைத் தேய்த்து, மறுபடியும் பாருங்கள். கத்தி வெள்ளையாக வந்தபின் அன்றைக்கே தெளியுங்கள்.

கத்தியில் நடந்தது இதுதான்: கத்தியின் இரும்பு கொஞ்சம் கரைந்து அயனாகிறது, கரைசலிலிருந்த செப்பு அயன் உலோகமாகி அந்த இடத்தில் வந்து குந்துகிறது. இரும்பு வாளியிலோ தகர வாளியிலோ இந்தக் கலவையைச் செய்யக்கூடாது என்பதற்கும் இதுவே காரணம். கையுறை அணியுங்கள், வாளியைக் கிணற்றடியிலோ குளத்திலோ கழுவாதீர்கள். செப்பு மீனைக் கொல்லும்.

பிள்ளைகள் பாடசாலையில் செய்வது

உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளை இருந்தால் கேட்டுப் பாருங்கள். எரிசோடாக் கரைசலைச் சில துளி விட்டால் செப்பு நீல வீழ்படிவு தரும். இரும்பின் ஒருவகை அழுக்குப் பச்சையும் மற்றவகை செங்கபிலமும் தரும். மகனீசியம், அலுமினியம், நாகம், ஈயம் எல்லாம் வெள்ளை தரும். எரிசோடாவை மேலும் விட்டால் மகனீசியத்தின் வெள்ளை நிற்கும், மற்ற மூன்றும் கரையும். அமோனியாவை மிகுதியாக விட்டால் நாகத்தின் வெள்ளை கரையும், அலுமினியத்தின் வெள்ளை கரையாது. செப்போ கடும் நீலமாகும். இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு போவதே முறை. எரிசோடா கண்ணையும் தோலையும் புண்ணாக்கும். இவற்றை வீட்டில் செய்யவேண்டாம்.

சுவாலைச் சோதனையும் உண்டு. சுத்தமான கம்பியில் உப்பைத் தொட்டு நீலச் சுவாலையில் பிடித்தால் செப்பு பச்சை, கல்சியம் செங்கல் நிறம், சோடியம் பொன்மஞ்சள். ஜேர்மனியில் புன்சன், கேர்ச்சோவ் என்ற இருவர் 1860இல் ஓர் ஊற்று நீரை இந்த வழியில் ஆராய்ந்து, அதுவரை யாரும் அறியாத சீசியம் என்ற உலோகத்தையே கண்டுபிடித்தார்கள். ஆனால் எம் கிணறு சவரா என்று அறிய இது உதவாது. விரல் வியர்வை பட்ட கம்பியும் பொன்மஞ்சளாகத்தான் எரியும். அளவுக்கு மீறிக் கூர்மையான சோதனையும் பயன் தராது. சவரை அறிய, பயறு விதையை மழைநீரிலும் கிணற்று நீரிலும் தனித்தனியே முளைக்கவைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

சோதனை சொல்லாதவை

இனிச் சொல்வதுதான் முக்கியமானது. பங்களாதேசத்தில் 1970களிலிருந்து, குளத்து நீரால் வரும் வயிற்று நோய்களிலிருந்து மக்களைக் காக்கவென்று பெருந்தொகையாகக் குழாய்க்கிணறுகள் அடித்தார்கள். நீர் தெளிவாக இருந்தது; நாற்றமில்லை, சுவைக் கேடில்லை. 1993இல்தான் அந்த நீரில் ஆசனிக்கு இருப்பது உறுதியானது. கோடிக்கணக்கான மக்கள் அதைக் குடித்து வந்திருந்தார்கள்.

கறுத்துப்போன எங்கள் கிணறு தீங்கற்றது. தெளிந்த அந்தக் கிணறுகள் நஞ்சு. நிறம் மாறினால் நஞ்சென்றும் மாறாவிட்டால் நல்லதென்றும் எண்ணுவது எவ்வளவு பெரிய பிழை!

குடிநீரில் ஈயமும் ஆசனிக்கும் லீற்றருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. பாடசாலையின் போத்தல் சோதனையில் ஈயம் கண்ணுக்குத் தெரிய, இதைப்போல் ஆயிரக்கணக்கான மடங்கு இருக்கவேண்டும். ஆகவே "ஒன்றும் தெரியவில்லை" என்ற விடை, "ஒன்றும் இல்லை" என்பதாகாது. பிள்ளைகளின் பல்லில் கபிலப் புள்ளி விழச்செய்யும் புளோரைட்டும், உரம் மிகுந்த தோட்டங்களிலிருந்து கிணற்றுக்கு இறங்கும் நைத்திரேற்றும் உலோகங்களே அல்ல. தேநீரும் சவர்க்காரமும் கத்தியும் அவற்றைப் பற்றிப் பேசமாட்டா. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், இவை போகா. நீர் ஆவியாகிக் குறைய, இவற்றின் செறிவு கூடும்.

இவற்றுக்கு ஆய்வுகூடமே வழி. உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் அலுவலகத்திலோ கேளுங்கள். நீர் எடுக்கும் முறை இது:

1. பயன்படுத்தாத கிணறானால் முதலில் பலமுறை இறைத்துவிடுங்கள். போர் நடந்த இடமானால், ஆபத்தில்லை என்று கண்ணிவெடி அகற்றுபவர்கள் உறுதி சொல்லும்வரை கிணற்றில் கை வைக்காதீர்கள்.
2. சுத்தமான பிளாஸ்ரிக் போத்தலை அதே நீரால் மூன்று முறை அலசி, விளிம்புவரை நிரப்பி மூடுங்கள். கிருமிச் சோதனைக்கு ஆய்வுகூடம் தரும் போத்தலிலேயே எடுக்கவேண்டும், அதை அலசக்கூடாது.
3. ஊர், கிணற்றின் ஆழம், எடுத்த நாள், நேரம் ஆகியவற்றை எழுதி ஒட்டுங்கள்.
4. நிழலில், குளிராக வைத்து அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள்.
5. வன்மை, இரும்பு, புளோரைட்டு, நைத்திரேற்று, உவர்த்தன்மை இவற்றைப் பார்க்கும்படி பெயர் சொல்லிக் கேளுங்கள். கேட்டதற்குத்தான் விடை வரும்.

ஒரு கொப்பி போதும்

ஊரில் உள்ள கிணறுகளுக்கு ஒரு கொப்பி போடுங்கள். மாரியில் ஒருமுறை, கோடையில் ஒருமுறை தேநீர் எப்படி மாறியது, எத்தனை துளி நுரைத்தது, ஆய்வுகூடம் என்ன சொன்னது என்று எழுதுங்கள். பிள்ளைகளே இதைச் செய்யலாம். நாம் விட்டுவந்த பாட்டன்மாரின் அறிவு இப்படித்தான், வருடக்கணக்கில் பார்த்துப் பார்த்துச் சேர்ந்தது.

அன்று அந்த ஆசிரியர் கிணற்றடியில் நின்று, எல்லோரும் பார்க்க, அந்த நீரை மணலில் வடித்துக் கொதிக்கவைத்துத் தாமே முதலில் குடித்தார். பிறகு அம்மா குடித்தார். அடுத்த நாள் குளத்துக்குப் போகும் வாளிகள் குறைந்திருந்தன.